மே மாசம் மகளோட மலை நடை: எங்கே போகலாம்? போய் வந்தவங்க சொல்லுங்க

நொய்யல்கரை – மார்ச் 8, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒன்பதாவது படிக்கிற மகளைக் கூட்டிக்கிட்டு மே மாசம் நாலஞ்சு நாள் மலை நடக்கணும்னு இருக்கேன். ஊர் கோயமுத்தூர். அவளுக்கு இதுதான் முதல் தடவை. எனக்கு முதல் தடவை இல்லை, ஆனா நடந்து ரொம்ப வருசமாச்சு.

ஏன் மே மாசம்னு கேப்பீங்க. எங்கப்பா வருசா வருசம் சித்திரையில, ஏழு மலை தாண்டிப் போற வெள்ளியங்கிரி ஏறுவார். ராத்திரி அடிவாரப் பூண்டியில ஆரம்பிச்சு, விடியக்காலம் ஏழாவது மலையில நிப்பார். திரும்பி வந்து திண்ணையில உக்காந்தா கெண்டைக்கால் ரெண்டும் நடுங்கும். நான்தான் விளக்கெண்ணெய் தேச்சு விடுவேன். அப்படியே பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, வழுக்குப் பாறைன்னு கதையா சொல்லுவார். பத்து வயசுக்கு அப்புறம் பொம்பளைப் பிள்ளைங்க அந்த மலை ஏறுற வழக்கம் இல்லைங்கறதால எனக்கு எல்லாமே கேட்ட கதைதான். அண்ணன் போவான், நான் வாசல்ல நின்னு வழியனுப்புவேன்.

அப்பா போன ஐப்பசியில தவறிட்டார். அவரோட மூங்கில் தடி கதவு மூலையிலயே நிக்குது. அடிவாரத்துல விக்கிற சாதாரணத் தடிதான். எல்லாரும் இறங்கினதும் அங்கேயே குடுத்துட்டு வருவாங்க, இவர் ஒண்ணை வீட்டுக்கே கொண்டு வந்துட்டார். பாறையில குத்திக் குத்தி அடிமுனை பிளந்துடும். ஒவ்வொரு வருசமும் பிளந்ததை அரத்துல ராவிட்டுச் செம்புக் கம்பி சுத்துவார். கம்பி இப்ப பச்சை பூத்துப் போய் இருக்கு. போன வாரம் மகள் அதை எடுத்து வெச்சுக்கிட்டு, "இதை வெச்சு நாம எங்கயாச்சும் ஏறலாமாம்மா"ன்னு கேட்டா. அதுல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்லை.

என் பழைய அனுபவம்: கல்லூரியில படிக்கும்போது டாப்ஸ்லிப்புல ரெண்டு தடவை. கல்யாணத்துக்கு அப்புறம் 2011-ல ஆறு பேரா கொடைக்கானல் வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவி வழியா கும்பக்கரைக்கு இறங்கினோம். அவ்வளவுதான். எங்கே போறதுன்னு நீங்கதான் சொல்லணும்.


போடிமெட்டு – மார்ச் 8, இரவு 10:25

அக்கா, அப்பாவை நினைச்சு வருத்தமா இருக்கு. முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். மார்ச்சு, ஏப்ரல்ல நம்ம பக்கத்து வறண்ட மலைகளை மனசுல இருந்து எடுத்துருங்க. நான் போடிக்காரன். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில தீப்பிடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் ஊர்லதான் இருந்தேன். மலையில செவப்பா கோடு ஓடுறது எங்க மாடியில இருந்தே தெரிஞ்சுச்சு. கொழுக்குமலையில இருந்து இறங்குன பிள்ளைங்க அதுல மாட்டிக்கிட்டாங்க. நிறையப் பேரு வாரக்கடைசிக்குன்னு வந்தவங்க.

அந்தச் சரிவுல நான் சின்ன வயசுல இருந்து நடந்திருக்கேன். மாசி, பங்குனியில புல்லு ஆள் உயரத்துக்குக் காஞ்சு நிக்கும், கையில பிடிச்சாப் பொடியும். தீ சமவெளியில போற மாதிரி மலையில போகாது. மேல இருக்குற புல்லைத் தன் சூட்டாலயே காயவெச்சுக்கிட்டு மேட்டைப் பாத்து ஓடும். மனுசன் மேட்டுல ஏறுற வேகம் அதுக்குப் பக்கத்துல வராது. இதை நடக்கிற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சிருக்கணும்: புகை கண்டா மேல ஏறாதீங்க. பக்கவாட்டுல வெறும் பாறைக்கோ, ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச கரிக்காட்டுக்கோ போங்க.

அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னே அரசு விதிமுறை வந்துச்சு. 2024 அக்டோபர்ல 40 பாதைகளுக்கு வனத்துறை வழிகாட்டியோட இணையத்துல பதிவு பண்ற ஏற்பாடும் வந்துச்சு. நல்ல ஏற்பாடு. தீக்காலத்துல அதையும் மூடிருவாங்க. மூடியிருக்கும்போது "எனக்குத் தெரிஞ்ச பையன் கூட்டிட்டுப் போவான்"னு யாராவது சொன்னா அந்தப் பேச்சையே எடுக்காதீங்க.


வட்டக்கானல்_பனி – மார்ச் 9, காலை 6:50

வெள்ளகவி வழியா இறங்கினீங்களா! பேரைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியலை. காட்ரோடு (வண்டி போற மலைச்சாலை) வர்றதுக்கு முன்னாடி பெரியகுளத்துல இருந்து கொடைக்கு ஏறின ஆதி வழி அது. நான் 2008-ல போனேன். ஊர் எல்லையில எங்க வழிகாட்டி செருப்பைக் கழட்டினார். நாங்களும் ஷூவைக் கழட்டி, ரெண்டு நாடாவையும் முடிஞ்சு கழுத்துல மாட்டிக்கிட்டோம். ஊருக்குள்ள யாருமே காலணி போடறதில்லை, ஊரே கோயில்ங்கறது அவங்க நம்பிக்கை. முதுகுல பதினஞ்சு கிலோ, வெறுங்காலு, கூர்கூரா கல்லு. அந்தக் கொஞ்ச தூரத்துல எப்படிக் கால் வைக்கிறதுன்னு கத்துக்கிட்டேன். பார்த்து, முழுப்பாதமும் பதிச்சு, எடையை மெதுவா மாத்தி. இன்னைக்கு வரைக்கும் ஷூ போட்டாலும் அப்படித்தான் நடக்கிறேன்.

நீங்க எந்த மாசம் போனீங்க? தண்ணி இருந்துச்சா?


நொய்யல்கரை – மார்ச் 9, காலை 11:15

போடிமெட்டு தம்பி, நீங்க எழுதினதை மகள்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தா.

வட்டக்கானல் அண்ணா, நாங்க போனது ஏப்ரல்லதாங்க. தண்ணிதான் எங்க தப்பு. ஆளுக்கு ஒரு லிட்டர் கொண்டு போனோம், வழியில ஓடை இருக்கும்னு. ஓடையில கல்லுதான் இருந்துச்சு. ஆனா பையில என்னென்ன இருந்துச்சு தெரியுங்களா? அலுமினியச் சட்டி ரெண்டு, அஞ்சு கிலோ அரிசி, ஆளுக்கு ஒரு ஜமுக்காளம். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோதானே, ஒரு ஜமுக்காளத்தை விட்டுட்டு வந்திருந்தா மூணு லிட்டர் கூடுதலா எடுத்திருக்கலாம். வெள்ளகவியில ஒரு பாட்டியம்மா சொம்பு நிறையத் தண்ணி குடுத்து, ஆளுக்கொரு ஆரஞ்சும் குடுத்தாங்க. தோலை உரிச்சப்ப வந்த வாசம் இன்னும் மூக்குல இருக்கு.

சரி, நம்ம பக்கம் வேண்டாம்னா மே மாசம் வேற எங்கேங்க?


ஏலகிரிக்காரன் – மார்ச் 9, மதியம் 1:30

மே மாசத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. தீ பயம் குறைஞ்சதும் கோடை மழை பயம் வந்துடும். 2015 மே மாசம் சதுரகிரியில திடீர்னு ஓடையில வெள்ளம் வந்து பக்தர்கள் அடிச்சுட்டுப் போனது ஞாபகம் இருக்கும். நிக்கிற இடத்துல தூறல்கூட இருக்காது, மேல பெய்ஞ்சது அஞ்சு நிமிஷத்துல கீழ வந்துடும். கலங்கலா வர ஆரம்பிச்சா ஓடையைத் தாண்டவே கூடாது.

என் ஓட்டு இமயமலைக்கு. மே மாசம் அங்கேதான் நடக்கிற பருவம். உத்தராகண்டுல ஹர் கி தூன் போங்க. சங்க்ரியில இருந்து நடை, வழியில பழைய மரவீட்டுக் கிராமங்கள், தேவதாருக் காடு, உயரம் 3,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலதான். நான் 2016-ல போனேன். நான் பார்த்த பள்ளத்தாக்குகள்லயே அதுதான் அழகு.


ஓய்வுபெற்ற_ஹவில்தார் – மார்ச் 9, இரவு 8:05

தங்கச்சிக்கு வணக்கம். ராணுவத்தில் இருந்தபோது ஆறு வருடம் வடக்கு வங்கத்தில் இருந்தேன். என் யோசனை சந்தக்ஃபூ. டார்ஜிலிங் மாவட்டம், சிங்கலீலா தேசியப் பூங்கா, 3,636 மீட்டர். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம்.

முதல் முறை நடக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும் என்பதற்குக் காரணம் சொல்கிறேன். டென்ட் தூக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். நேபாள எல்லையை ஒட்டியே பாதை போகிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் ஊரும் தங்கும் வீடும் உண்டு. சூடாகப் பருப்பும் சோறும் போடுவார்கள். ஆகவே முதுகில் துணியும் தண்ணீரும் மட்டும்தான்.

முதல் நாள் மானேபஞ்சாங்கிலிருந்து தும்லிங். தொடக்கத்திலேயே சித்ரே வரை மூச்சு வாங்கும் ஏற்றம், பயப்பட வேண்டாம், அதன் பிறகு நிதானப்படும். இரண்டாம் நாள் கைரிபாஸ் வழியாகக் காலிபோக்ரி. அங்கே கறுத்த நீர் கொண்ட சிறு குளம் இருக்கிறது, பெயரே அதுதான். மூன்றாம் நாள் ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து. நான்காம் நாள் குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறங்கி, அங்கிருந்து வண்டி.

மே மாதத்தில் மத்தியானம் ஆனால் மேகம் மூடும், இடியும் வரும். அங்கே நாலே முக்கால் மணிக்கெல்லாம் விடிந்துவிடும், அதிகாலைதான் உங்கள் நேரம். 1998-இல் காலிபோக்ரியில் எங்களுக்கு இரண்டு நாளும் மூட்டம். மூன்றாம் நாள் சந்தக்ஃபூவில் ஒரு ஜவான் என்னைத் தட்டி எழுப்பினான். வெளியே வந்தால் கஞ்சன்ஜங்கா, கைக்கு எட்டும் தூரம் போல. முதலில் வெள்ளை இல்லை, பழுத்த மாம்பழத்தின் கன்னம் மாதிரி ஒரு நிறம். மேற்கே தூரத்தில் எவரெஸ்ட், லோட்சே, மகாலு. உலகின் உயரமான ஐந்து சிகரங்களில் நான்கு ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். திருவண்ணாமலைக்காரப் பையன் ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நாங்களும் போட்டுக்கொண்டோம்.


ஏலகிரிக்காரன் – மார்ச் 9, இரவு 9:10

ஐயா மேல மரியாதை உண்டு. ஆனா சந்தக்ஃபூ வரைக்கும் ஜீப் போகுது. நடந்து மூச்சு வாங்கி நிக்கும்போது பக்கத்துல புழுதி கிளப்பிட்டு லேண்ட்ரோவர் போனா அது மலைநடையா? அந்தப் பொண்ணுக்கு முதல் அனுபவம் காட்டுக்குள்ள அமைதியா இருக்க வேண்டாமா?


ஓய்வுபெற்ற_ஹவில்தார் – மார்ச் 10, காலை 5:40

தம்பி சொல்வது உண்மைதான், ஜீப் போகிறது. ஆனால் பல இடங்களில் ஜீப் வழியை விட்டு விலகி நடக்கும் தடம் உண்டு. வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அதில் கூட்டிப்போவார். பூங்காவுக்குள் போக வழிகாட்டி கட்டாயம், மானேபஞ்சாங்கிலேயே பதிவு செய்யலாம். இன்னொன்றையும் யோசியுங்கள். தாயும் பிள்ளையும் தனியாகப் போகிறார்கள். இரவில் தலைவலி வந்தால் வண்டி கிடைக்கும் பாதை என்பது எனக்குப் பெரிய விஷயம். நான் ஆட்களைத் தோளில் சுமந்து இறக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.


மருந்துப்பெட்டி – மார்ச் 10, காலை 7:30

ஹவில்தார் ஐயா சொன்னதோடு நானும் ஒத்துப்போறேன். நான் மருத்துவர், மலையும் நடப்பேன்.

3,000 மீட்டருக்கு மேல போனதும், ஒரு ராத்திரி தூங்கின உயரத்துக்கும் அடுத்த ராத்திரி தூங்குற உயரத்துக்கும் நடுவுல 500 மீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாதுங்கறது பொது விதி. இந்தப் பாதையைப் பாருங்க: தும்லிங் 3,000-க்குக் கொஞ்சம் கீழ, காலிபோக்ரி 3,200-ஐ ஒட்டி, சந்தக்ஃபூ 3,636. விதிக்குள்ள அழகா உக்காருது. முதல் நாள் மட்டும் ஏற்றம் அதிகம், அதனால அதுக்கு முன்னாடி டார்ஜிலிங்ல ஒரு ராத்திரியாவது தூங்கிட்டு வாங்க, அதுவே 2,000 மீட்டர்.

தலைவலி, பசி இல்லாம போறது, வயித்தைப் புரட்டறது, தூக்கம் வராதது, இதெல்லாம் உயரத்தால வர்ற மலை நோய்க்குத் தொடக்க அறிகுறி. அன்னைக்கு மேல ஏறாதீங்க, அங்கேயே தங்குங்க. ஒரு கோட்டு மேல குதிகாலும் விரலும் ஒட்டுற மாதிரி நடக்கச் சொல்லிப் பாருங்க. தள்ளாடினா, இல்ல உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, நடுராத்திரியா இருந்தாலும் கீழ இறக்கணும். அதுக்கு முன்கூட்டியே மாத்திரை வேணுமா வேண்டாமான்னு உங்க டாக்டரை நேர்ல பாத்து முடிவு பண்ணுங்க, சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்களா இருந்தா அதைக் கட்டாயம் சொல்லுங்க. கடையில சொந்தமா வாங்கிப் போடாதீங்க.

ஒரு விஷயம். பிள்ளைங்க "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லும். அம்மா ஏமாறக் கூடாதுன்னு சொல்லும். என் மகன் அப்படித்தான் ஒருநாள் பூரா தலைவலியை மறைச்சான். அதனால "வலிச்சாத் திரும்பிடலாம், திரும்பினா எனக்குச் சந்தோஷம்தான்"னு கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.


நொய்யல்கரை – மார்ச் 10, இரவு 9:55

ஏலகிரி தம்பி, ஹர் கி தூன் படம் பாத்தேன், கண்ணை எடுக்க முடியலைங்க. அது அடுத்த வருசத்துக்கு. இந்தத் தடவை சந்தக்ஃபூ.

டாக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். எங்கப்பாவும் ஒரு வருசம் அஞ்சாவது மலையில திரும்பி வந்தவர். கூட வந்த ஒருத்தருக்கு நெஞ்சடைப்பு மாதிரி இருந்ததுன்னு அவரைக் கைத்தாங்கலா இறக்கிட்டு வந்துட்டார். அந்த வருசமும் எப்பவும் போல திருநீறு எடுத்து எங்க நெத்தியில பூசினார். "மேல போகலையேப்பா"ன்னு கேட்டேன். "போன வருசத்துது மிச்சம் இருக்குல்ல"ன்னார். மகள்கிட்ட இதைத்தான் சொன்னேன்.

ரயிலா விமானமாங்க? அப்புறம் துணிமணி என்ன வேணும்?


குன்னூர்_தொடரி – மார்ச் 11, காலை 10:20

ரயில்னா கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோயமுத்தூர் வழியாத்தான் போகுது. நியூ ஜல்பைகுரியில இறங்கிக்கலாம். ரெண்டு நாள் ரயில்ல இருக்கணும், ஆனா மகாநதி மாதிரி எல்லாத்தையும் மகளுக்கு ஜன்னல்லயே காட்டலாம். முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. மே 15 கிளம்பணும்னா மார்ச் 16 காலை எட்டு மணிக்குத் தயாரா உக்காருங்க. ஜூன் 16-ல இருந்து மழைக்காலத்துக்குப் பூங்காவை மூடிடுவாங்க, அதனால தள்ளிப் போடாதீங்க.

நான் போனப்ப எங்களைக் கூட்டிட்டுப் போன ஒரு நிறுவனம் நாலு நாள் நடையை மூணு நாளாச் சுருக்கிடுச்சு. ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு வாந்தி. பணம் குடுக்கறதுக்கு முன்னாடி எந்தெந்த ஊர்ல தூங்குறோம்னு எழுதி வாங்கிடுங்க.


வட்டக்கானல்_பனி – மார்ச் 11, மதியம் 2:45

துணிக்கு நான் சொல்றேன், குளிர்ல பிறந்தவன்.

ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி குறையும். கோயமுத்தூருக்கும் சந்தக்ஃபூவுக்கும் 3,200 மீட்டர் வித்தியாசம். உங்க ஊர்ல 36-ன்னா அங்க பகல்லயே 15 பக்கம்தான், ராத்திரி ஒற்றை இலக்கம், காத்தடிச்சா இன்னும் மோசம். பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமாவே முதுகுல ஒட்டிக்கும், நின்ன உடனே நடுக்கம் பிடிக்கும். விளையாட்டு டி-ஷர்ட் ரெண்டு, மேல ஒரு கம்பளி, அதுக்கு மேல காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். தடியான ஒரே ஸ்வெட்டரை விட மெல்லிசா மூணு அடுக்கு நல்லது. ஏறும்போது கழட்டலாம், நிக்கும்போது போடலாம்.

பை எடை மகளுக்கு அவ எடையில எட்டுல ஒரு பங்கு, உங்களுக்கு ஆறுல ஒரு பங்கு. அதுக்கு மேல போனா எதையாவது எடுத்து வெளிய வைங்க. பையோட இடுப்பு வாரை நல்லா இறுக்கச் சொல்லுங்க, பாரம் தோள்ல இல்ல, இடுப்பெலும்புல உக்காரணும்.

ஷூ புதுசா வாங்குனா இப்பவே வாங்குங்க. அரை அளவு பெருசா. சாயங்காலமா போய் வாங்குங்க, அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கிளம்புறதுக்கு முந்தின நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டணும். இறக்கத்துல நகம் ஷூ முனையில இடிச்சு இடிச்சுக் கறுத்துப் போகும். வெள்ளகவி இறக்கத்துல எனக்கு ரெண்டு கட்டைவிரல் நகமும் போச்சு, திரும்ப முளைக்க எட்டு மாசம் ஆச்சு.


தேயிலைத்தோட்டத்துப்_பெண் – மார்ச் 11, மாலை 6:15

அக்கா, இத ஆண்கள் யாரும் சொல்ல மாட்டாங்க. மாதவிலக்கு தேதியை நம்பி இருக்காதீங்க, எப்படியும் உயரத்துல தேதி மாறலாம். ரெண்டு பேருக்கும் வேண்டியதை எடுத்துக்கிட்டே போங்க, வழியில கடையில கிடைக்காது. உபயோகிச்சதைப் போட ஜிப் வெச்ச கவர் ரெண்டு, அது வெளிய தெரியாம இருக்க ஒரு துணிப்பை. எதையும் மலையில புதைக்க வேண்டாம், கீழ கொண்டு வந்துடுங்க. மகளுக்கு முன்கூட்டியே சொல்லிட்டா அவ கூச்சப்பட மாட்டா. என் முதல் மலைநடையில நான் அழுததே இதுக்காகத்தான், யாரும் எனக்குச் சொல்லித் தரலை.


நொய்யல்கரை – மார்ச் 16, காலை 9:05

டிக்கெட் கிடைச்சுதுங்க! ரெண்டு பேருக்கும் கீழ் படுக்கை ஒண்ணு, நடு ஒண்ணு. மே 15.

தங்கச்சி, நீங்க எழுதினதுக்குப் பெரிய நன்றி. கவர் வாங்கிட்டேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை மருதமலை படியில பயிற்சி ஆரம்பிச்சோம். பையில நாலு தண்ணி பாட்டில் போட்டு, தடியோட. ஏறும்போது எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு. அவ முன்னாடி போயிட்டா. ஒவ்வொரு படியிலயும் அந்தச் செம்புக் கம்பி "டக், டக்"னு கேட்டுக்கிட்டே போச்சு. சின்ன வயசுல விடியக்காலம் தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டுத்தான் அப்பா வந்துட்டார்னு எந்திரிப்போம். படியில அப்படியே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

தடி அவளுக்குக் கொஞ்சம் உயரம். அண்ணன் அறுத்துடலாம்னு சொல்றான். அவளுக்கு மனசில்லை. என்ன பண்ணலாமுங்க? அடிமுனையும் மறுபடி பிளக்க ஆரம்பிச்சிருக்கு.


ஓய்வுபெற்ற_ஹவில்தார் – மார்ச் 16, காலை 11:30

அறுக்க வேண்டாம். தடிக்குப் பிடி ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் அதன் வசதி. ஏறும்போது கீழே தள்ளிப் பிடிக்கட்டும், முழங்கை செங்கோணமாக மடங்கும் இடத்தில். இறங்கும்போது கையை மேலே நகர்த்தித் தடியை முன்னால் ஊன்றி, அதன் பிறகே காலை வைக்கட்டும். இறக்கத்தில் தடி கொஞ்சம் உயரமாக இருப்பதே நல்லது, முட்டியின் சுமையில் ஒரு பகுதி அதில் இறங்கும்.

அடிமுனைக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, செம்புக் கம்பிக்கு மேலேயே இறுக்கமாக ஏற்றி, நைலான் கயிறால் கட்டுங்கள். ஈரப்பாறையில் வழுக்காது. ரயிலில் கீழ் படுக்கைக்கு அடியில் நீளவாக்கில் வைத்துவிடலாம்.


நொய்யல்கரை – மார்ச் 16, இரவு 8:40

பக்கத்து சைக்கிள் கடையில டியூப் வாங்கி மாட்டியாச்சுங்க ஐயா. அவளே கட்டினா. நுனியில மட்டும் கொஞ்சம் கம்பி வெளிய தெரியற மாதிரி விட்டிருக்கா, சத்தம் கேக்கணுமாம்.

ஒரு சின்னக் கேள்வி, அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன். கம்பளி சாக்ஸ் எத்தனை ஜோடிங்க?


வட்டக்கானல்_பனி – மார்ச் 16, இரவு 9:00

ஆளுக்கு மூணு. ரெண்டு நடக்க, மாத்தி மாத்திப் போட்டுக் காயவெச்சுக்கலாம். மூணாவது ஜோடி ராத்திரி தூங்க மட்டும், அதைப் பிளாஸ்டிக் கவர்ல கட்டிப் பையோட அடியில வைங்க, எவ்வளவு ஆசை வந்தாலும் பகல்ல எடுக்கக் கூடாது.